விளம்பி ஆண்டு, ஆடி மாதம்

ஆண்டு மலருக்கு இலக்கியக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, சிலம்பைப் பற்றி ஏதேனும் எழுதித் தருவதாகத்தான் நாங்கள் ஒப்புக்கொண்டோம். எழுத அமர்ந்தபோது வேறொரு செய்தி குறுக்கே வந்து நின்றுகொண்டது. எங்கள் அன்னையார் தம் இறுதி ஆறேழு ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் தம் நினைவை இழந்த செய்தி அது. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்று இந்நோய் உண்டு. ஆயினும் கூட்டங்களில் சந்திக்கும்போது ஒருவரும் வாய் திறப்பதில்லை. சர்க்கரை நோயைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுகிறோம். 'வீட்டில் பெரியவர் எப்படி இருக்கிறார்?' என்று கேட்டால் மட்டும், 'இருக்கிறார், வயதாகிவிட்டதல்லவா' என்று சொல்லிவிட்டுக் காப்பி வரிசையை நோக்கி நகர்ந்துவிடுகிறோம். நாங்களும் அப்படி நகர்ந்தவர்களே.

கணவனும் மனைவியுமாக இருவரும் சேர்ந்து தாங்கிய சுமையாதலின் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எங்களுள் ஒருவருக்கு அவர் அம்மா, மற்றவருக்கு அத்தை. இக்கட்டுரையில் வசதிக்காக அம்மா என்றே குறிக்கிறோம்.

அம்மா தில்லிக்கு வந்தது 1962ஆம் ஆண்டு. பாபநாசத்துக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து, பதினெட்டு வயதில் மணமாகி, ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் பயணம் செய்து வந்து இறங்கியவர். அப்பா மத்திய அரசு எழுத்தர். முதலில் கரோல்பாகில் ஒற்றை அறை, பிறகு ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்பு, அப்பா ஓய்வு பெற்ற பின்னர் மயூர் விஹார் என்று அம்மாவின் தில்லி விரிந்தது. 1973-இல் மலைமந்திர் குடமுழுக்கின்போது விடியுமுன் எழுந்து கோலம் போட்ட பெண்களுள் அவரும் ஒருவர்.

இந்தி அவருக்குப் பள்ளியில் வந்ததன்று. காய்கறி வண்டிக்காரரும் பால்காரரும் அண்டை வீட்டுப் பஞ்சாபி அம்மையாரும் கற்றுக்கொடுத்தது. நாற்காலி பெண்பால், கதவு ஆண்பால் என்னும் கூத்தை மட்டும் அவர் இறுதிவரை ஏற்கவில்லை. 'இவங்களுக்கு வேற வேலையில்ல' என்பார். எண்களும் அவ்வாறே. எழுபத்தொன்பதுக்கு உன்யாசி, எண்பத்தொன்பதுக்கு நவாசி என்று சொன்னால் எவர்தாம் குழம்பமாட்டார்? அதனால் விலை கேட்பது இந்தியில், கணக்குப் பார்ப்பது தமிழில் என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். ஐம்பது ஆண்டுகள் அது பிசகியதில்லை.

நோயின் தொடக்கம் எப்போது என்று துல்லியமாகச் சொல்ல இயலாது. அப்பா 2011-இல் காலமான பிறகு வீட்டுக் கணக்கு முழுவதும் அம்மாவின் கைக்கு வந்தது. நீள நோட்டில் பால் இவ்வளவு, கீரை இவ்வளவு, வேலைக்காரப் பெண்ணுக்கு இவ்வளவு என்று நாள்தோறும் எழுதுவார். 2016ஆம் ஆண்டு நோட்டைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தோம். ஒரே நாளில் பால் கணக்கு இருமுறை எழுதப்பட்டிருக்கிறது. சில பக்கங்கள் தள்ளி மூன்று முறை. 2017 தீபாவளிக்குப் பிறகு கூட்டலே இல்லை. எண்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அத்தனையும் எங்கள் கண்ணெதிரே, அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அந்நாளில் நாங்கள் அதைத் திறந்தும் பார்க்கவில்லை.

அம்மாவின் சாமர்த்தியமும் எங்களுக்குத் திரையாயிற்று. தமக்குள் ஏதோ கழன்றுகொண்டிருக்கிறது என்பதை எங்களுக்கு முன்பே அவர் அறிந்திருந்தார் என்றே இப்போது எண்ணுகிறோம். 'இன்னைக்கு என்ன கிழமைம்மா?' என்றால், 'ஏன் தம்பி, உனக்கு ஆபீஸ் இல்லையா?' என்பார். 'மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க அத்தை?' என்றால், 'நீ வச்சிட்டுப் போனதைத்தான் பாப்பா' என்பார். எவ்வளவு நேர்த்தியான விடைகள்! ஒன்றிலும் செய்தி இல்லை. ஒன்றிலும் தவறும் இல்லை. ரசத்தில் இருமுறை உப்பு விழுந்ததையும், சாவிக்கொத்து அரிசி டப்பாவில் கிடைத்ததையும், சங்கிலியை வேலைக்காரப் பெண் எடுத்துவிட்டாள் என்று பழி சொல்லிப் பின்னர் அது தலையணை உறைக்குள் அகப்பட்டதையும் வயதின் கணக்கில் எழுதிவிட்டு இருந்தோம். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. மறுவாரம் அவள் வேலையை விட்டு நின்றுவிட்டாள்.

ஒருநாள் பால் பொங்கி அடுப்பணைந்து, வீடு முழுதும் எரிவாயு நாற்றம் பரவிய பிறகுதான் மருத்துவமனைக்குச் சென்றோம். 2018 ஜூலை 31, செவ்வாய்க்கிழமை. தலைநகரின் பெரிய மருத்துவமனைகளுள் ஒன்று அது, பெயர் எதற்கு? நான்கு மணி நேரம் காத்திருந்த பின் ஓர் இளம் மருத்துவர் அம்மாவை எதிரே அமர்த்தி, அச்சிட்ட தாளொன்றை வைத்துக்கொண்டு இந்தியில் கேள்விகள் கேட்கத் தொடங்கினார்.

இது என்ன ஆண்டு என்றார். அம்மா தயங்காமல் 'விளம்பி' என்றார். மாதம்? 'ஆடி.' கிழமை? 'செவ்வாய்.' மூன்றும் சரியான விடைகள். அந்த இளைஞருக்கோ மூன்றும் வெறும் ஒலிகள். நாங்கள் வாய் திறந்தோம். உறவினர் குறுக்கிடலாகாது என்று கையமர்த்தினார். பருவம் எது என்றதற்கு அம்மா, 'காத்தடி காலம்' என்றார். ஆடியில் காவிரிக்கரையில் காற்றுத்தான்; ஆனால் தில்லியில் அன்று சன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். தமிழில் தொண்ணூற்று மூன்று என்று சொல்லிவிட்டு, 'எதிலிருந்து கழிக்கணும்?' என்று எங்களைப் பார்த்தார். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொன்னபோது, பென்சிலை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். இடையில் 'ஆம், குர்ஸி, ஸிக்கா' என்று மூன்று சொற்களைச் சொல்லி, நினைவில் வைத்துக்கொள்ளப் பணித்திருந்தார் மருத்துவர். மாம்பழம், நாற்காலி, நாணயம். சற்றுப் பொறுத்து அவற்றைத் திரும்பக் கேட்டார். அம்மா சிரித்தார். தாளின் அடியில் முப்பதுக்குப் பதினான்கு என்று எழுதப்பட்டது. இரத்தப் பரிசோதனைகளுக்கான சீட்டு ஒன்றும் மாத்திரைச் சீட்டு ஒன்றும் தந்து, ஆறு வாரம் கழித்து வருமாறு சொன்னார்கள்.

வெளியே வந்ததும் நாங்கள் கொதித்துப்போனோம். தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழும் நகரத்தில், ஒரு மூதாட்டியைத் தாய்மொழியில் ஒரு கேள்வி கேட்க ஆளில்லையா? விளம்பி என்று சரியாகச் சொன்னவருக்குச் சுழியமா? கோலம் போட்ட கையிடம் ஐங்கோணம் வரையச் சொல்வதா? 'ஆம்' என்றால் தமிழில் வேறு பொருளல்லவா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களிடமெல்லாம் இதைச் சொல்லி ஆற்றிக்கொண்டோம். எல்லோரும் ஆமோதித்தார்கள். எங்களுக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவோடு இரண்டு சீட்டுகளையும் மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினோம்.

நாங்கள் சொன்னதில் பொய் இல்லை. முப்பது மதிப்பெண் கொண்ட அந்தத் தேர்வை ஃபோல்ஸ்டைன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் 1975-இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஆங்கிலம் பேசுவோருக்காக அமைந்த அதை அப்படியே நம் நாட்டு மூத்தோர்மேல் சுமத்தினால் நலமாயிருப்பவர்களும் நோயாளிகளாகிவிடுவார்கள் என்பதை அறிவியலாரே முதலில் கண்டுகொண்டார்கள். தில்லிக்குத் தெற்கே அரியானாவில் பல்லப்கட் என்னும் பகுதிக் கிராமங்களில், பள்ளிக்கூடத்தையே பாராத முதியவர்களிடம் சோதித்து, அவர்களுக்கேற்ற இந்தித் தேர்வொன்றை அமைத்து 1995-இல் வெளியிட்டார்கள். முதியவர் அன்றாடம் எதைச் செய்கிறார், எதை விட்டுவிட்டார் என்று வீட்டாரிடமே கேட்டறியும் கேள்வித்தாள் ஒன்றும் அங்கேதான் உருவாயிற்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பின்னாளில் இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளுக்கு ஒரு தேர்வுத் தொகுதியை அமைத்தது. அம்முதற் பட்டியலில் தமிழ் இல்லை. சங்கத்து அன்பர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் சொன்னது மெய்யாக இருந்தும் நாங்கள் செய்தது தவறு. 'ஆம்' என்னும் சொல் அம்மாவுக்குத் தெரியாததா? ஐம்பத்தாறு கோடைகளாக வண்டிக்காரரிடம் 'ஆம் க்யா பாவ்' என்று கேட்டுத் தட்டிப் பார்த்து வாங்கியவர் அவர். நாற்காலியின் பாலைப் பற்றி நகையாடியவருக்குக் 'குர்ஸி' புதியதா? விளம்பி என்ற விடையும் நினைவிலிருந்து வந்ததன்று; ஊரிலிருந்து வந்த தினசரி நாட்காட்டி அவர் கட்டிலுக்கு எதிரே தொங்கியது; அன்று காலை அதன் தாளைக் கிழித்துவிட்டுத்தான் புறப்பட்டோம். இதையெல்லாம் அன்றே நாங்கள் அறிவோம். அறிந்தும் மொழிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டோம்.

அவ்வாண்டு மார்கழியில், மயூர் விஹார் வீட்டு வாசலில், அம்மா ஏழு புள்ளி, ஊடு புள்ளி நான்கு வைத்துச் சிக்குக் கோலம் போட அமர்ந்தார். கடுங்குளிர். போர்வையைப் போர்த்துக்கொண்டு அருகில் நின்றோம். புள்ளிகள் நேராக விழுந்தன. இழை முதல் வளைவைச் சுற்றியது, இரண்டாவதைச் சுற்றியது, பிறகு நடுவில் நின்றது. அம்மா விரலைத் தூக்கினார். வேறோரிடத்தில் தொடங்கினார். அதுவும் நின்றது. மூன்றாம் முறை உள்ளங்கையால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 'மாவு சரியில்ல' என்றார். பென்சில் பிடித்தறியாத கை என்று நாங்கள் வாதாடிய அதே கை. இம்முறை பழி சொல்ல இந்தியும் இல்லை, மருத்துவரும் இல்லை. அப்போதும் நாங்கள் இழுப்பறையைத் திறக்கவில்லை. ஊருக்கு அழைத்துச் சென்றால் தெளிந்துவிடுவார், மண்ணும் மனிதரும் பிடுங்கப்பட்டதால் வந்த வாட்டமே இது என்று புதிதாக ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்தோம்.

2019 ஆவணியில் உறவுத் திருமணம் ஒன்றுக்காக ஊருக்குச் சென்றோம். முதல் நாள் அம்மா மலர்ந்திருந்தார். பழைய பெயர்களெல்லாம் தடையின்றி வந்தன. இரண்டாம் நாள் மாலை, தாம் பிறந்த வீட்டின் திண்ணையில் அமர்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, 'வீட்டுக்குப் போகலாம் தம்பி, இருட்டப் போகுது' என்றார். 'இதுதானேம்மா நம்ம வீடு' என்றோம். அவர் அதைக் கேட்கத் தயாராக இல்லை. செக்டார் எண்ணைச் சொல்லி, அப்பா அலுவலகத்திலிருந்து வரும் நேரமாகிவிட்டது என்று எழுந்து நடக்கலானார். அந்தக் குடியிருப்பை நாங்கள் காலி செய்து அப்போது பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தில்லியில் இருந்தவரை ஊருக்குப் போகவேண்டும் என்று பையைக் கட்டியவர், ஊரில் தில்லிக்குப் போகப் பையைக் கட்டினார். புலம்பெயர்ந்தோர் வீட்டில் 'வீடு' என்னும் சொல் எவ்வளவு வழுக்குகிறது என்பதை அன்று கண்டோம்.

மறுநாள் தஞ்சாவூரில் மூத்த பெண் மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் தாளை எடுக்கவேயில்லை. கல்யாணத்தில் என்ன சாப்பாடு, பெண் எந்த ஊர், தில்லியில் குளிருமா என்று கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். பிறகே தேர்வு, முழுவதும் தமிழில். ஆண்டு எது என்றதற்கு அம்மா 'விகாரி' என்றார். மருத்துவர் புன்னகையோடு மதிப்பெண் போட்டார். நூறிலிருந்து ஏழு ஏழாக மூன்று படிகள் இறங்கினார். மூன்று சொற்களுக்கு மட்டும் மாற்றமில்லை. 'நான் சொன்ன மூணு வார்த்தையையும் திருப்பிச் சொல்லுங்கம்மா' என்றபோது அம்மா வியப்போடு, 'நீங்க எப்ப சொன்னீங்க?' என்றார். சொற்களை மறப்பது ஒன்று. சொல்லப்பட்டதையே மறப்பது வேறு. அதைத்தான் தாம் கவனிப்பதாக மருத்துவர் பிறகு விளக்கினார். முப்பதுக்குப் பத்தொன்பது.

"தில்லியில் பதினாலு, இங்கே பத்தொன்பது. ஏறத்தாழ அந்த அஞ்சு மொழியோடது. படிப்புக் குறைவுக்குன்னு இன்னும் கொஞ்சம் கழிச்சுக்கலாம். மீதி நோயோடது" என்றார். எங்கள் ஓராண்டுக் கோபத்துக்கு அவர் எடைக்கல் வைத்து நிறுத்துச் சொன்ன தீர்ப்பு அது. வீட்டில் கணக்கு ஏதும் எழுதுவாரா என்று கேட்டவரும் அவரே. தில்லிக்குத் திரும்பியதும் நீள நோட்டைத் தேடி எடுத்தது அதனால்தான்.

முன்பு தந்த பரிசோதனைச் சீட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டார். தலைகுனிந்தோம். மறதிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் சில மாற்றத்தக்கவை. தைராய்டுச் சுரப்புக் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு, செவிப்புலன் குறைவு, மூளை உறைக்கடியில் இரத்தக் கசிவு, தாமாக வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள். இவற்றை விலக்கிப் பார்க்காமல் முதுமை மறதி என்று முத்திரை குத்தலாகாது. அம்மாவுக்கு பி12 மிகக் குறைவாக இருந்தது. இடச்செவி ஏறக்குறையக் கேட்கவில்லை. அரிப்புக்கென்று மருந்துக்கடையில் வாங்கி இரவுதோறும் போட்டுக்கொண்ட பழைய வகை மாத்திரை, தூக்கத்தோடு குழப்பத்தையும் தருவது. ஊசிகள் போட்டு, அந்த மாத்திரையை நிறுத்திய மூன்று மாதங்களில் நடையில் தள்ளாட்டம் குறைந்தது. பகல் தூக்கம் நின்றது. நினைவு திரும்பவில்லை. தலைப் படத்தில் சுருக்கமும் சிறு அடைப்புகளும் தெரிந்தன. அல்சைமர் நோயும் இரத்தக்குழாய்ப் பழுதும் கலந்தது என்றார்கள். டோனெபெசில் தொடங்கப்பட்டது. சிலருக்குச் சிறிது காலம் சரிவைத் தாங்கிப் பிடிக்கும், நோயை மாற்றாது என்று முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தார்கள். ஓராண்டு முந்தி வந்திருந்தால் நோய் வந்திராதா என்று கேட்டோம். வந்திருக்கும் என்றார் மருத்துவர். ஆனால் அந்த ஓராண்டை அம்மா இன்னும் தெளிவாக வாழ்ந்திருக்கலாம். அவர் அதைச் சொல்லவில்லை; நாங்களே கணக்கிட்டுக்கொண்டோம்.

இனி, வீட்டில் பார்த்துக்கொண்ட கதை. அதில் பெருமைப்பட அதிகமில்லை.

முதலில் நாங்கள் செய்த கொடுமை, நாள்தோறும் தேர்வு நடத்தியது. மருத்துவமனைத் தேர்வாவது அரைமணியில் முடிந்தது. 'நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்', 'இது என்ன சொல்லுங்க', 'காலையில் சொன்னேனே, மறந்துட்டீங்களா?' என்று வீட்டில் விடியற்காலம் முதல் வினாத்தாள். வரும் விருந்தினர் அனைவரும் தேர்வாளர்களே. அம்மா விழித்துத் தவிக்கையில், 'சே, என்னைக்கூட மறந்துட்டாங்களே' என்று அவர் முன்னிலையிலேயே வருந்துவார்கள். நண்பர்களே, இத்தகைய வீட்டுக்குச் சென்றால், 'அம்மா, நான் கரோல்பாக் சுந்தரத்தின் மகன் வந்திருக்கிறேன்' என்பது போல் நீங்களே பெயரைச் சொல்லிவிடுங்கள். முகம் தெரியாவிட்டாலும் முறை தெரிந்துவிடும். அம்மா உடனே 'சாப்பிட்டியாப்பா?' என்று கேட்பார். அந்த ஒரு கேள்வி இறுதிவரை அவரைவிட்டுப் போகவில்லை.

அடுத்தது உண்மை பேசும் நோய். அப்பா எங்கே என்று அம்மா கேட்டபோது, அவர் காலமாகிவிட்டார் என்று சொன்னோம். அன்றுதான் செய்தி கேட்டவர்போல் அழுதார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் அழுதார். நான்கு முறை எங்கள் தாயாரை நாங்கள் விதவையாக்கினோம். ஐந்தாம் முறை, 'ஆபீஸுல வேலை அதிகமாம், வர நேரமாகும்' என்றோம். 'இந்த மனுஷனுக்கு எப்பவும் வேலைதான்' என்று முணுமுணுத்துவிட்டுச் சோறு உண்டார். மாலை நான்கரை ஆனதும் பையோடு வாசலுக்கு வருவதற்கும் அவ்வாறே. 'ஜி.டி. எட்டு மணிக்குத்தான்மா, அதுக்குள்ள சாப்பிட்டுடலாம்' என்றால் அமர்ந்துவிடுவார். பெற்ற தாயிடம் பொய்யா என்று ஊரிலிருந்த தங்கை தொலைபேசியில் கேட்டாள். அவள் வந்து ஒரு வாரம் இருந்தாள். மூன்றாம் நாள் அவளும் ரயில் நேரம் சொல்லத் தொடங்கினாள்.

குழாய் எரிவாயுவின் பிரதானத் திருகை இரவில் மூடினோம். கழிவறைக் கதவில் பெரிய படமொன்றை ஒட்டினோம். செவிக்கருவி வாங்கினோம், மூன்றாம் நாள் அது துளசித் தொட்டிக்குள் கிடந்தது. குடும்ப ஓய்வூதியத்துக்காக நவம்பர்தோறும் தரவேண்டிய உயிர்வாழ்வுச் சான்றுக்குக் கையெழுத்து மாறிப்போனதால் கைரேகைக்கு மாறினோம். இவற்றையெல்லாம் ஓராண்டு முன்பே செய்திருக்கலாம் என்பதைத் தவிர இவற்றில் சொல்ல ஒன்றுமில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. காலை நடையும் கோயிலும் பூங்காவில் பெண்கள் பேச்சும் ஒரே நாளில் நின்றன. முகக்கவசம் அணிந்து வந்த எங்களையே அவருக்கு அச்சமாக இருந்தது. அந்த மூன்று மாதங்களில் அவர் இழந்தது முந்தைய இரண்டு ஆண்டுகளில் இழந்ததைவிட அதிகம். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியப் பணியை விட்டதும் அப்போதுதான். யார் விட்டிருப்பார் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. 'அம்மா யாருடையவர், வேலை யாருடையது' என்று அந்நாட்களில் எங்களுக்குள் நடந்த வழக்கு இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஒருநாள் இரவு, மூன்றாம் முறையாக ஆடை மாற்றும்போது, அம்மா தள்ளிவிட்டார். எங்களுள் ஒருவர் கை ஓங்கி, அடித்தும்விட்டோம். அம்மா அழவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, 'நீ யார் வீட்டுப் புள்ளை? இவ்வளவு நேரம் இங்க இருக்கியே, உங்க அம்மா தேடமாட்டாங்களா?' என்றார்.

அதன் பிறகுதான் உதவிக்கு ஆள் வைத்தோம். சார்க்கண்டிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கோ அதற்குள் இந்தி போய்விட்டிருந்தது. பிந்திக் கற்ற மொழி பலருக்கு முந்திக் கழல்கிறது என்றார் மருத்துவர். ஐதராபாத்தில் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றைப் பற்றி எங்களுள் ஒருவர் படித்திருந்தோம். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு இந்நோய் சராசரியாக நான்கரை ஆண்டுகள் தாமதமாகத் தலைகாட்டியதாம், எழுத்தறியாதவர்களிடத்தும் அப்படியேயாம். பிற நாட்டு ஆய்வுகள் எல்லாம் இதே முடிவுக்கு வரவில்லை. ஆயினும் வண்டிக்காரரிடம் கற்ற அந்தத் திருத்தமில்லாத இந்தி, அம்மாவுக்குச் சில ஆண்டுகளை ஈட்டித் தந்துவிட்டுத்தான் போயிருக்கும் என்று நினைக்க எங்களுக்கு ஆசை. நாடு முழுவதும் அறுபது வயது கடந்தோருள் 88 இலட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அவர்களுள் பெற்ற மொழி ஒன்று, பேணுவோர் மொழி மற்றொன்று என்று இருப்பவர் எத்தனை பேரோ!

எனவே சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். முப்பத்திரண்டு தமிழ்ச் சொற்கள், நாகரி எழுத்தில். வாங்க, உட்காருங்க, தண்ணி, பசிக்குதா, வலிக்குதா, பயப்படாதீங்க, இதோ வர்றேன், ஒண்ணுமில்ல. முதற் சொல், பேரப்பிள்ளைகள் அழைக்கும் 'அப்பாயி.' அந்தப் பெண் பத்து நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். தில்லியில் பிறந்து பதினாறு ஆண்டுகள் 'தமிழ் புரியும், பேச வராது' என்று சொல்லிக்கொண்டிருந்த எங்கள் மகன், அவள் பேசுவதைக் கேட்டு வெட்கி அவனும் கற்றான். வாழைப்பழத்தின் ழகரத்துக்கு நாகரியில் வழியறியாமல் நாங்கள் லகரம் போட்டிருந்தோம். 'வாலைப்பலம்' என்றே அவள் நீட்டினாள். ழகரத்துக்காகச் சங்க மேடையில் நாங்கள் எத்தனை உரைகள் ஆற்றியிருப்போம்! அம்மா திருத்தவில்லை. வாங்கிச் சாப்பிட்டார்.

சோபகிருது ஆண்டு ஐப்பசியில் அம்மா காலமானார். நிமோனியா, மூன்று நாள் படுக்கை. இறுதி ஓராண்டில் எங்கள் இருவர் பெயரும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கையைப் பிடித்தால் விடமாட்டார்.

அந்தப் பெண் இப்போது வேறொரு தமிழ்க் குடும்பத்தில் பணி செய்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் பேசினாள். பழைய தாளையே அங்கும் ஒட்டியிருக்கிறாளாம். அவ்வீட்டு மூதாட்டி திருநெல்வேலிக்காரர். மற்ற சொற்களெல்லாம் செல்லுகின்றன, 'அப்பாயி' என்றால் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லையாம். 'ஆச்சி' என்றால் பார்க்கிறாராம். முப்பத்திரண்டு சொற்களின் படிகள் சிலவற்றைச் சங்க நூலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறோம். வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். முதற் சொல்லுக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். அவரவர் வீட்டு வழக்கை அங்கே எழுதிக்கொள்க.